'எண்டரின் நிழல்' வன்னிப் பிள்ளைக்கு ஏற்றதா? முதலில் எதை வாசிப்பது?

தங்கச்சி, உங்கள் கேள்வி எனக்கு விளங்கியபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். தரம் 10இல் படிக்கும் உங்கள் மகனுக்கு, கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் 'எண்டர்ஸ் ஷேடோ' (எண்டரின் நிழல்) என்ற ஆங்கில நாவலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பின் அட்டையைப் பார்த்தபோது, கெட்டிக்காரச் சிறுவர்களைப் பொறுக்கியெடுத்துப் போருக்குப் பழக்கும் கதை என்று இருந்தது. வேறொரு நாவலுக்குத் துணையாக எழுதப்பட்டது என்றும் இருந்தது. முந்திய நாவல் கையில் இல்லாமல் இதை வாசிக்கலாமா என்று கேட்டீர்கள். அதற்குக் கீழே, 2007இல் பதினாறு வயதில் போருக்குக் கொண்டுசெல்லப்பட்டு இன்றுவரை திரும்பி வராத உங்கள் தம்பியைப் பற்றி இரண்டே வரி எழுதி, இப்படி ஒரு கதை எங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமா என்றும் கேட்டீர்கள்.

முதல் கேள்விக்கு விடை சிறியது. 'எண்டர்ஸ் கேம்' முதலில், 'எண்டர்ஸ் ஷேடோ' பிறகு. இரண்டாவது கேள்விக்கும் என் விடை 'வாசிக்கட்டும்' என்பதுதான். ஆனால் அவனைத் தனியாக வாசிக்க விடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் தாய் என்பதால் கதையின் முடிச்சுகளை மறைக்காமல் சொல்லப்போகிறேன். மகனிடம் இதைக் காட்டவேண்டாம்.

ஓர்சன் ஸ்காட் கார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1977இல் ஒரு சஞ்சிகையில் 'எண்டர்ஸ் கேம்' என்ற நெடுங்கதையை எழுதினார். அதையே 1985இல் முழு நாவலாக விரித்தார். அறிவியல் புனைகதைக்குத் தரப்படும் நெபுலா, ஹியூகோ ஆகிய இரண்டு பெரிய விருதுகளும் அதற்குக் கிடைத்தன. பூச்சிகளை ஒத்த வேற்றுக்கிரக இனம் ஒன்று பூமியை இரண்டு தடவை தாக்கிவிட்டது. மூன்றாவது போருக்குத் தளபதி வேண்டும். வளர்ந்தவர்களால் அது முடியாது என்று எண்ணும் படை அதிகாரிகள், விண்வெளியில் ஒரு போர்ப் பள்ளி வைத்து, உலகம் முழுவதிலும் இருந்து சிறுவர்களைத் தெரிவு செய்கிறார்கள். எண்டர் என்ற சிறுவன் ஆறு வயதில் அங்கே போகிறான். எடையில்லாத ஒரு மண்டபத்தில், நாற்பது பேர் கொண்ட சிறுவர் அணிகள் ஒன்றோடொன்று மோதும் போட்டிகளில் அவன் தோற்பதே இல்லை. கடைசியில் வேறொரு தளத்தில், கணினித் திரைக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்சிப் போர்கள் வைக்கிறார்கள். இறுதிப் பரீட்சை என்று சொல்லப்பட்ட நாளில் எதிரியின் கிரகத்தையே அவன் அழித்துவிடுகிறான். பெரியவர்கள் அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அவை பயிற்சிகள் இல்லை. ஒவ்வொரு முறையும் உண்மையான கப்பல்கள் போயின, உண்மையான மனிதர்கள் செத்தார்கள், ஓர் இனமே அழிந்துவிட்டது.

முதல் தடவை வாசிப்பவனும் எண்டரோடு சேர்ந்து ஏமாறுகிறான். வென்றுவிட்டோம் என்று துள்ளுகிறான். அடுத்த பக்கத்தில் அந்தத் துள்ளலுக்காக வெட்கப்படுகிறான். அந்த வெட்கம்தான் அந்த நாவலின் உயிர். 1999இல் வந்த துணை நாவலை முதலில் வாசித்தால் இந்த இரகசியம் முன்கூட்டியே உடைந்துவிடும். பிறகு முதல் நாவலுக்குப் போனாலும் அது மற்றவர் சொல்லித் தெரிந்த செய்தியாகவே இருக்கும். வாசிப்பு வரிசையைப் பற்றி எனக்கு வேறு வாதம் இல்லை. 2013இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நேரே இரண்டாவது நாவலுக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். படத்தில் பெரும் பகுதி விடுபட்டிருக்கிறது. நாவலையே வாசிக்கட்டும்.

இனித் துணை நாவலுக்கு வருகிறேன். 'எண்டர்ஸ் ஷேடோ' முதல் கதையின் தொடர்ச்சியாக எழுதப்படவில்லை. அதே பள்ளி, அதே போட்டிகள், அதே இறுதிப் போர். பார்ப்பவன் மட்டும் வேறு. முதல் நாவலில் ஓரமாக வந்துபோகும் பீன் என்ற மிகச் சிறிய பையன் இதில் நடுவில் நிற்கிறான். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முற்றத்துப் பனையைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பனை சற்று நகர்ந்தது போலத் தெரியும். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரிகிறது. இந்த இரண்டு நாவல்களும் அப்படித்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் நாவலில் எண்டருக்குத் தலைமை தாங்கக் கொடுக்கப்படும் அணி, யாருக்கும் வேண்டாத பிள்ளைகளை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். அவனை நெருக்கத்தான் பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசிப்போம். இரண்டாவது நாவலில், அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதியவனே பீன்தான் என்று வருகிறது. மற்றத் தளபதிகள் விளங்கிக்கொள்ளாமல் ஒதுக்கிய திறமைசாலிகளை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்துத் தன் பெயரையும் போட்டிருக்கிறான். திறமைக்காக இல்லாமல் நட்புக்காக மட்டும் ஒரேயொரு பெயரையும் சேர்த்திருக்கிறான். முதல் நாவலில் எண்டர் எல்லார் முன்னிலையிலும் பீனைச் சீண்டும் காட்சியும் இதில் திரும்ப வருகிறது. வசனம் அதே வசனம். ஆனால் இப்போது சீண்டப்பட்டவனின் மனதுக்குள் இருந்து கேட்கிறோம். ஒரு வகுப்பில் முப்பது வருடம் நின்ற எனக்கு அந்தப் பக்கங்கள் வலித்தன. நான் யாரையெல்லாம் அப்படிச் சீண்டினேனோ என்று நினைத்தேன்.

பீன் எங்கே இருந்து வருகிறான் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரத் தெருக்களில், பசியில் செத்துக்கொண்டிருக்கும் நான்கு வயதுப் பிள்ளையாக அவன் அறிமுகமாகிறான். அங்கே அனாதைச் சிறுவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகிறார்கள். தருமச் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் பெரிய பையன்கள் அடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போகிறார்கள். சின்னவர்களுக்குக் கிடைப்பதில்லை. பீன் ஒரு சிறுவர் கூட்டத்தின் தலைவியான போக் என்ற சிறுமியிடம் போய் யோசனை சொல்கிறான்: பெரிய பையன் ஒருவனையே பிடித்து நமக்குக் காவலாக வைத்துக்கொள்வோம். அந்த யோசனை பலிக்கிறது, கூட்டத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால் அவர்கள் பிடித்த அக்கிலீஸ் என்ற பையன், தன்னைக் கீழே விழுத்தியவர்களை மன்னிக்கத் தெரியாதவன். ஓர் இரவு போக்கின் உடல் ஆற்றில் மிதக்கிறது. தன் கெட்டித்தனம்தான் அவளைக் கொன்றது என்ற எண்ணத்தைப் பீன் விண்வெளிக்கும் சுமந்துகொண்டு போகிறான்.

இந்தப் பகுதியை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். 2009இல் வலைஞர்மடத்துக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில், தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவே கஞ்சிக்கு வரிசையில் நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். எனக்கு முன்னால் ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை அலுமினியச் சட்டியோடு நின்றது. இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள். மூன்றாவது தடவை அது என் சாரத்தைப் பிடித்து, "ஐயா, என்னை உங்கள் பிள்ளை என்று சொல்லுங்கள்" என்றது. சொன்னேன். கஞ்சி வாங்கியதும் சட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் மணலில் ஓடிப் போனது. அடுத்த நாள் வேறொருவரின் பக்கத்தில் நின்றது. நான் தெரியாதவன் போல நின்றேன். அந்த வயதில் ஒரு பிள்ளை அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துவது. கார்ட் எங்கள் கஞ்சி வரிசையைப் பார்த்திராமல், அதற்குப் பத்து வருடம் முந்தியே ரொட்டர்டாமில் அதை எழுதி வைத்திருக்கிறார்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. பீன் சட்டவிரோதமான ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டவன். அங்கே இருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாரையும் அழித்தபோது, தவழும் வயதில் இருந்த அவன் கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்து தப்பினான். கார்லொட்டா என்ற கன்னியாஸ்திரி அதைத் துருவித் துருவிக் கண்டுபிடிக்கிறார். நடக்கக்கூடியதா என்று மற்ற நாட்டு வாசகர்கள் கேட்கலாம். 2008இல் என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு பையன், போருக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க, விறகு அடுக்கின் கீழ் வெட்டிய குழிக்குள் மாதக்கணக்கில் பகல் முழுவதும் இருந்தான். பதிவேட்டில் அவனுக்கு நான் சிவப்பு மையால் வரவில்லை என்று போடுவேன். மாலையில் அவனுடைய தாய் கொப்பியைச் சேலைக்குள் வைத்துக் கொண்டுவருவார். திருத்திக் கொடுப்பேன். 'எனது வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு, கோழிகளின் கால்களைப் பற்றி எழுதியிருந்தான். விறகு இடுக்கால் அவனுக்குத் தெரிந்தது அவை மட்டும்தான். இன்று அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் ஊரில் அந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகையாகப் பிரிப்போம். 'பிடித்துக்கொண்டு போனவன்', 'தானாகப் போனவன்'. பிடித்துக்கொண்டு போனவனுக்காக அழலாம். தானாகப் போனவன் என்றால், அவனே தெரிந்துதான் போனான் என்று ஒரு பெருமூச்சோடு பேச்சு நின்றுவிடும். இந்த இரண்டு நாவல்களையும் சேர்த்து வாசித்தபோது அந்தப் பிரிவு எனக்குள் உடைந்தது.

எண்டர் ஏமாற்றப்பட்டவன். அவனைக் கூட்டிச்செல்ல வீட்டுக்கே வரும் அதிகாரி அன்பாகத்தான் பேசுகிறார், விருப்பமும் கேட்கிறார். ஆறு வயதுப் பிள்ளை போகிறேன் என்கிறது. ஆனால் எதற்குப் போகிறோம் என்ற முழு உண்மை கடைசி நாள் வரைக்கும் அவனுக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே அவன் குற்றமற்றவன் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம். பீன் அப்படி இல்லை. அவன் காற்றுக் குழாய்களுக்குள் ஊர்ந்து பெரியவர்களின் பேச்சைக் கேட்கிறான். சொல்லப்படாததைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். பயிற்சி என்று சொல்லப்படுவது உண்மையான போர் என்று அவனாகவே கண்டுபிடித்துவிடுகிறான். இருந்தும் தன் இடத்தை விட்டு எழும்பவில்லை. எண்டருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவன் உடைந்துபோவான் என்று அந்தப் பாரத்தைத் தானே சுமக்கிறான். அப்படியானால் பீன் சம்மதித்தானா? எல்லாம் தெரிந்த ஒரு சிறுவன், விலகிப்போக வேறு இடமே இல்லாத நிலையில், வேறொருவனைக் காப்பாற்றுவதற்காக அங்கேயே நிற்பதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

என் வகுப்பில் இரண்டாவது வாங்கில் இருந்த ஒருவனை நினைத்துத்தான் கேட்கிறேன். கணக்கில் என்னையே திருத்துவான். அவனுடைய அக்காவைக் கொண்டுபோன மூன்றாம் நாள், அவன் தானே நடந்து போய், "அக்காவை விடுங்கள், நான் வருகிறேன்" என்று நின்றான். அக்கா வீட்டுக்கு வந்தார். அவன் வரவில்லை. ஊர் அவனைத் 'தானாகப் போனவன்' என்ற கணக்கில் எழுதியது. நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை நான் நிறுத்தியது இந்த நாவலை வாசித்த பிறகுதான். உங்கள் தம்பி எப்படிப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். அது எப்படி நடந்திருந்தாலும் அவருக்குப் பதினாறு வயது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆயுத மோதல்களில் சிறுவர் ஈடுபடுத்தப்படுவது பற்றிய ஐக்கிய நாடுகளின் விருப்ப நெறிமுறை 2000 மே 25இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அரசு அல்லாத ஆயுதக் குழு எதுவும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை எந்தச் சூழ்நிலையிலும் சேர்க்கக் கூடாது என்கிறது அது. எந்தச் சூழ்நிலையிலும் என்றால், பிள்ளையே விரும்பி வந்தாலும் என்றுதான் பொருள். அரசுப் படைகளுக்கு, பிள்ளையின் விருப்பத்தோடு பதினாறில் இருந்து சேர்க்க இடம் வைத்திருக்கிறது. அந்த வேறுபாடு எனக்கு உடன்பாடில்லை. இந்த நெறிமுறை நடைமுறைக்கு வந்தது 2002 பெப்ரவரி 12இல். அதற்குப் பத்து நாள் கழித்து வன்னியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏ9 வீதி திறந்தது, பஸ் ஓடியது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். அந்த இரண்டு தாள்களும் ஒரே மாதத்தில் வந்தும், ஐந்து வருடத்துக்குள் என் வகுப்பு வாங்குகள் வெறுமையாகத் தொடங்கின.

எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். இந்த நாவல்கள் இரண்டும் ஒரு பொய்யான நினைப்பை வாசகனுக்குள் விட்டுவிட்டுப் போகக்கூடும். போருக்குப் பிள்ளைகள் எடுக்கப்படுவது அவர்கள் அபூர்வமான மூளைக்காரர்கள் என்பதால்தான் என்ற நினைப்பு அது. புலமைப்பரிசில் பரீட்சையில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவனைத் தேடி வருவது போல, போர்ப் பள்ளியில் இருந்து பிள்ளையைத் தேடி வருகிறார்கள். கெட்டிக்காரப் பையன் ஒருவன் இதை வாசித்தால், நானும் தெரிவாகியிருப்பேன் என்று உள்ளூர மகிழ்வான். அது இயல்பு. ஆனால் வன்னியில் பிள்ளைகள் போனது மூளைக்காக இல்லை. வயது, உயரம், வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு, இவ்வளவுதான் பார்க்கப்பட்டது. கெட்டிக்காரனும் போனான், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவனும் போனான். இதை உங்கள் மகனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், புத்தகம் சொல்லாது. பீனின் மூளைக்கு மரபணு மாற்றத்தைக் காரணமாகக் காட்டுவதும் கதையைப் பலவீனப்படுத்துகிறது என்பது என் எண்ணம். பசியே அவனைக் கூர்மையாக்கியது என்று விட்டிருந்தால் எனக்குப் போதும். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு விலையையும் ஆசிரியர் வைத்திருக்கிறார். பீனின் உடல் வளர்வதை நிறுத்தாது, இருபது வயதைத் தாண்டி அவன் அதிக நாள் இருக்கமாட்டான். அக்கிலீஸ் முழுக் கொடியவனாக வருவதும் எனக்கு ஒட்டவில்லை. அவனும் அதே தெருவில் பசித்த பிள்ளைதானே.

இன்னொன்று. அமெரிக்க மரைன் படையினருக்குப் பரிந்துரைக்கப்படும் வாசிப்புப் பட்டியலில் 'எண்டர்ஸ் கேம்' இடம்பெற்றிருக்கிறது. தலைமைத்துவத்தையும் போர் உத்தியையும் படிப்பதற்காக. நான் அந்த நாவலில் கண்டது, பெரியவர்கள் ஒரு பிள்ளைக்குச் செய்த துரோகம். ஒரே புத்தகத்தைப் படைவீரனும் வாசிக்கிறான், பிள்ளையைப் பறிகொடுத்த ஊரில் இருக்கும் வாத்தியாரும் வாசிக்கிறான். வெல்வதன் ருசியை அந்த நாவல் உண்மையாகவே நன்றாக எழுதியிருக்கிறது, அதுதான் அதன் ஆபத்து. உங்கள் மகனும் முதலில் அந்த ருசியைத்தான் பிடிப்பான். பிடிக்கட்டும். கண்டிக்காதீர்கள். இறுதிப் போரைத் தாண்டும் வரை பொறுத்திருங்கள்.

எங்களிடமும் அந்த ருசி இருந்தது. புறநானூற்றின் 279ஆம் பாட்டை எத்தனை தடவை கற்பித்திருக்கிறேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்திய போர்களில் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்த ஒரு தாய், பறை ஒலி கேட்டதும் தன் ஒரே மகனைக் கூப்பிட்டு, பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களத்தைப் பார்த்துப் போ என்று அனுப்புகிறாள். அந்தப் பாட்டின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் மகன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நானும் ஒரு வகுப்பிலும், அவன் என்ன நினைத்திருப்பான் என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது நாவல், அனுப்பப்பட்டவனுக்கு வாய் கொடுக்கிறது. அதனால்தான் முதல் நாவலைவிட இது எனக்கு நெருக்கமானது.

இறுதிப் போரில் பீன் சொல்லும் ஒரு வசனத்துக்கு மகன் வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். திரையில் நகரும் ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையான வீரர்கள் இருக்கிறார்கள் என்று அந்த அறையில் இருக்கும் சிறுவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் சாகப் போகிறார்கள். அந்த நேரத்தில், அந்தக் கன்னியாஸ்திரியிடம் கேட்டு அறிந்த வேதாகம வசனத்தைச் சொல்கிறான். மகன் அப்சலோம் போரில் இறந்த செய்தி கேட்டுத் தாவீது ராஜா அழுத புலம்பல் அது. உனக்குப் பதிலாக நான் செத்திருக்கக் கூடாதா என்று ராஜா கதறுவார். மடு மாதா கோயில் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் பூசையில் கேட்டிருப்பார்கள். தந்தை மகனுக்காக அழ வேண்டிய வார்த்தைகளை இங்கே ஒரு சின்னப் பிள்ளை, தன்னைவிட எத்தனையோ வயது மூத்த வீரர்களுக்காகச் சொல்கிறது. நான் அந்த இடத்தை மூன்று தடவை வாசித்திருக்கிறேன், மூன்று தடவையும் தொடர்ந்து போக முடியவில்லை.

எப்படி வாசிப்பது என்றும் கேட்பீர்கள். ஆங்கிலம் கடினம் இல்லை, வாக்கியங்கள் சிறியவை. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சமாளிப்பான். இரண்டு நாவல்களிலும் ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும், பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சில வரிகள் வரும். பேசுவது யார் என்றுகூடப் பெரும்பாலும் போட்டிருக்காது. அவசரத்தில் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டவிடாதீர்கள். அந்த வரிகளை மட்டும் நீங்களும் அவனும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றி அப்போது யார் எங்கே இருந்து என்ன பேசினார்கள் என்று நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. முதல் நாவலில் சிறுவர்கள் ஒருவரையொருவர் அடிக்கும் காட்சிகள் கடுமையானவை. குளியலறைச் சண்டை ஒன்று மரணத்தில் முடிகிறது. பதினைந்து வயதுக்கு அது தாங்கக்கூடியதே. ஆனால் இரவில் வாசிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால். முதல் நாவலில் தாய், தகப்பன், அக்கா எல்லாரும் இருந்த எண்டர், போருக்குப் பிறகு பூமிக்குத் திரும்புவதே இல்லை. இரண்டாவது நாவலில், பெயரும் ஊரும் இல்லாமல் தெருவில் கிடந்த பீனுக்கு ஒரு குடும்பம் இருப்பது தெரியவருகிறது. நட்புக்காக அணியில் சேர்த்த அந்தப் பையனே உடன்பிறந்தவன். போர் முடிந்து, இரண்டு பேரும் கிரேக்க நாட்டில் இருக்கும் வீட்டுக்குப் போகிறார்கள். இப்படி ஒரு மகன் இருப்பதையே அறியாமல் இருந்த தாய் அவனைச் சேர்த்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு வந்த நாவல்களில், வீடு திரும்பிய அந்தச் சிறுவர்களைப் போரில் பழகியவர்கள் என்பதற்காகவே மறுபடியும் கடத்துகிறார்கள். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் உங்கள் அம்மாவும் படத்தோடு இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். மகன் கடைசி அத்தியாயத்தை வாசிக்கும் நாளில் அம்மம்மாவும் வீட்டில் இருப்பார். அவன் அவரிடம் மாமாவைப் பற்றி ஏதாவது கேட்டால் தடுக்காதீர்கள். மாமாவுக்கு என்ன பாடம் பிடிக்கும், எந்த மரத்தில் ஏறி விழுந்தார், சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பார் என்று தொடங்கட்டும். மற்றதை அவன் கேட்கும்போது சொல்லலாம்.

'எண்டர்ஸ் கேம்' என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. இடம்பெயர்வுக்குப் பிறகு வாங்கியது, முதல் சில பக்கங்களைக் கறையான் அரித்திருக்கிறது, எழுத்துக்குச் சேதம் இல்லை. நீங்கள் பரந்தன் பக்கம் வரும் நாளைச் சொன்னால் சந்தியில் கொண்டுவந்து தருகிறேன். அவன் முடிக்கும்வரை வைத்திருக்கட்டும்.